கடல் எத்தனை மீட்டர் உள்ளே வந்தது: செயற்கைக்கோள் கணக்கு போடப்படும் விதம்

இரண்டு படங்கள் அக்கம்பக்கமாக. இடப்பக்கம் 1990, வலப்பக்கம் 2020. நடுவே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரு வரி: "30 ஆண்டுகளில் 80 மீட்டர் கரையைக் கடல் விழுங்கியது." இப்படியொரு படம் செய்தியில் வந்ததும் ஒரு தரப்பு அதிர்ச்சியடைகிறது. இன்னொரு தரப்பு, "நான் தினமும் அந்தக் கரையில்தான் நடக்கிறேன், மணல் அப்படியேதானே இருக்கிறது" என்கிறது. சில நாள் கழித்து, அதே கரை வளர்ந்திருப்பதாக வேறொரு செய்தி வரும். யார் சொல்வதை நம்புவது?

படம் பொய் சொல்வதில்லை. ஆனால் இரண்டு படங்களுக்கு இடையே தெரிகிற 80 மீட்டரில் எவ்வளவு நிஜமான அரிப்பு, எவ்வளவு அன்றைய கடல்மட்டம், எவ்வளவு படத்தின் மங்கல் என்பதை வெறும் கண்ணால் பிரிக்க முடியாது. சரிவு குறைந்த சில கரைகளில், ஒரே நாளில் காலையும் மதியமும் எடுத்த இரண்டு படங்களே 50 மீட்டர் வித்தியாசம் காட்டும். அந்த ஆறு மணி நேரத்தில் ஒரு பிடி மண்கூட அரிக்கப்பட்டிருக்காது.

முதலில், எந்தக் கோடு?

கரை என்பது நிலமும் நீரும் சந்திக்கும் இடம். சொல்வதற்கு எளிது. கடலோரத்தில் போய் நின்று அந்த இடத்தைக் காலால் கீறிக் காட்டச் சொன்னால் சிக்கல் தெரியும். கீறி முடிப்பதற்குள் அடுத்த அலை வந்து அழித்துவிட்டுப் போகும். அதனால் இந்தத் துறையில் நான்கு விதமான கோடுகள் புழங்குகின்றன.

1. நீர்க்கோடு: படம் எடுத்த அந்த நொடியில் ஈரம் முடிந்து மணல் தொடங்கும் எல்லை. செயற்கைக்கோள் நேரடியாகப் பார்ப்பது இதை மட்டும்தான்.

2. உயர் ஓதக் கோடு: கடல் ஏறி வற்றும் ஓதத்தின் உச்சத்தில் நீர் வந்து தொட்ட எல்லை. மணலில் பாசியும் குப்பையும் ஒதுங்கிய தடமாகத் தெரியும். பழைய நிலப்படங்களும் வான்வழிப் புகைப்படங்களும் பெரும்பாலும் இதைத்தான் கரையாக வரைந்தன.

3. மட்டக் கோடு: சராசரி கடல்மட்டம் போன்ற நிலையான ஓர் உயரம் கரைச்சரிவை வெட்டும் இடம். இதைக் கண்ணால் பார்க்க முடியாது, கணக்கிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

4. தாவரக் கோடு: மணல் முடிந்து செடிகொடிகள் தொடங்கும் எல்லை. ஓதத்துக்கெல்லாம் இது அசையாது. ஆனால் கடல் உள்ளே வரத் தொடங்கிய பிறகு சற்றுத் தாமதமாகத்தான் பின்வாங்கும்.

1950-களின் வான்வழிப் படத்தில் உயர் ஓதக் கோட்டை வரைந்து, 2020-இன் செயற்கைக்கோள் படத்தில் நீர்க்கோட்டை வரைந்து, இரண்டையும் கழித்தால் கடல் உள்ளே வந்ததாகவோ வெளியே போனதாகவோ ஒரு விடை கிடைக்கத்தான் செய்யும். ஆனால் அது முழத்தில் அளந்ததிலிருந்து அடியில் அளந்ததைக் கழித்த கதை. முரண்படும் செய்திகளில் கணிசமானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

எந்தச் செயற்கைக்கோள்கள்?

அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் 1972-இல் ஏவப்பட்டது. அதன் படத்தில் ஒரு புள்ளி, அதாவது ஒரு பிக்சல், தரையில் சுமார் 80 மீட்டர். கரையை அளக்க அது போதாது. 1984-இல் ஏவப்பட்ட லேண்ட்சாட்-5-இல் ஒரு பிக்சல் 30 மீட்டர். மூன்றாண்டுக்காக அனுப்பப்பட்ட அந்தக் கருவி 2013 வரை உழைத்தது. கரை மாற்றம் பற்றிய பெரும்பாலான ஆய்வுகள் 1984 அல்லது 1985-இல் தொடங்குவதற்கு வேறு காரணமே இல்லை. அதற்கு முன் பயன்படுத்தத் தக்க தரவு குறைவு.

1999-இல் போன லேண்ட்சாட்-7-இல் 2003 மே மாதம் ஒரு கண்ணாடிப் பொறி பழுதானது. அதன்பின் அதன் ஒவ்வொரு படத்திலும் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கறுப்புப் பட்டைகளாகக் காலியாக இருக்கும். அந்தக் காலத்துப் படத்தில் கரையை ஒட்டிச் சாய்வான கறுப்புக் கீற்றுகள் தெரிந்தால் அது இதனால்தான். லேண்ட்சாட்-8 2013-இலும் லேண்ட்சாட்-9 2021-இலும் சேர்ந்துகொண்டன. ஒவ்வொன்றும் 16 நாளுக்கொரு முறை ஒரே இடத்துக்குத் திரும்பி வரும்.

ஐரோப்பாவின் சென்டினல்-2 வரிசை 2015-இல் தொடங்கியது. பிக்சல் 10 மீட்டர். 2017-இல் இரண்டாவது செயற்கைக்கோள் சேர்ந்ததும் ஐந்து நாளுக்கொரு படம் கிடைக்கலாயிற்று.

இந்தப் பட்டியலைவிட முக்கியமான ஓர் ஆண்டு உண்டு: 2008. லேண்ட்சாட் படக் கிடங்கு முழுவதையும் அமெரிக்கா இலவசமாகத் திறந்துவிட்டது அப்போதுதான். அதுவரை ஆய்வாளர்கள் படத்துக்குப் பணம் கட்டினார்கள். எனவே பத்தாண்டுக்கு ஒரு படம் வாங்கி, இரண்டையோ மூன்றையோ ஒப்பிட்டு வேலையை முடித்தார்கள். "அன்றும் இன்றும்" பாணி அந்தப் பஞ்ச காலத்தின் பழக்கம். இன்று ஒரே கரைக்கு நூற்றுக்கணக்கான படங்கள் இலவசமாகக் கிடைக்கும்போதும் செய்திகள் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

நீரையும் மணலையும் பிரிக்கும் கணக்கு

கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளிதான் இங்கே முக்கியம். நீர், அகச்சிவப்பு ஒளியைக் கிட்டத்தட்ட முழுசாக விழுங்கிவிடும். மணலும் செடியும் அதை நன்றாகத் திருப்பி அனுப்பும். எனவே அகச்சிவப்புப் படத்தில் கடல் கறுப்பாகவும் நிலம் வெளிச்சமாகவும் விழும்.

இதை எண்ணாக மாற்ற 1996-இல் ஒரு சூத்திரம் முன்வைக்கப்பட்டது. நீர்க் குறியீடு என்று சொல்லலாம். பச்சை ஒளியின் அளவிலிருந்து அகச்சிவப்பின் அளவைக் கழித்து, அதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு கடல் பிக்சலில் பச்சை 0.08, அகச்சிவப்பு 0.02 என்று வைப்போம். வித்தியாசம் 0.06, கூட்டுத்தொகை 0.10, விடை +0.6. ஒரு மணல் பிக்சலில் பச்சை 0.20, அகச்சிவப்பு 0.30 என்றால் வித்தியாசம் கழித்தல் 0.10, கூட்டுத்தொகை 0.50, விடை −0.2. நீர் மேலே, நிலம் கீழே என்று இரண்டும் தள்ளித் தள்ளி நிற்கின்றன. 2006-இல் வந்த திருத்தப்பட்ட வடிவம், அகச்சிவப்புக்குப் பதிலாக இன்னும் நீண்ட அலைநீளம் கொண்ட குறுஅலை அகச்சிவப்பை எடுத்துக்கொள்கிறது. கலங்கிய நீரும் கட்டடங்களும் உள்ள இடத்தில் அது மேல்.

சரி, நீருக்கும் நிலத்துக்கும் நடுவே எந்த எண்ணில் கோடு போடுவது? பூஜ்யத்தில் போட்டால் சில படங்களில் சரியாக வரும், சிலவற்றில் வராது. அன்றைய வெயில், காற்றிலுள்ள தூசு, நீரின் கலங்கல் எல்லாம் எண்ணை மாற்றும். எனவே ஒவ்வொரு படத்துக்கும் தனியாக எல்லை எண்ணைக் கண்டுபிடிக்க, ஜப்பானியரான ஒட்சு 1979-இல் வகுத்த புள்ளியியல் முறை பரவலாகப் பயன்படுகிறது. பிக்சல்களை இரு கும்பலாகப் பிரித்து, கும்பல்களுக்கு இடையிலான வேறுபாடு எந்த எண்ணில் உச்சமாகிறதோ அங்கே வெட்டுவது அதன் சாரம்.

ஆனால் கடல் இரண்டு கும்பலோடு நிற்பதில்லை. உடையும் அலையின் வெண்ணுரை எல்லா ஒளியையும் திருப்பியடிக்கும். கருவி அதை மணல் என்று எண்ணிவிடும். அலை பலமாக உள்ள நாளில் கரை திடீரென்று கடலுக்குள் நீண்டுவிட்டதாகத் தெரிவது இதனால்தான். ஆஸ்திரேலியாவில் உருவாகி 2019-இல் வெளியான கோஸ்ட்சாட் என்ற திறந்த மென்பொருள், இதைச் சமாளிக்க முதலில் ஒவ்வொரு பிக்சலையும் மணல், நீர், வெண்ணுரை, பிற நிலம் என்று நான்காகப் பிரிக்கிறது. அப்புறம் மணலையும் நீரையும் மட்டும் வைத்துக்கொண்டு எல்லை எண்ணைத் தேடுகிறது.

30 மீட்டர் கட்டத்தில் 10 மீட்டர் எப்படித் தெரியும்?

நியாயமான சந்தேகம். ஒரு பிக்சலே 30 மீட்டர் என்றால், அதைவிடச் சிறிய நகர்வை எப்படி அளப்பது?

எல்லையில் நிற்கும் பிக்சல் முழு நீரும் இல்லை, முழு மணலும் இல்லை. பாதி நீர் இருந்தால் அதன் எண்ணும் நடுவில் நிற்கும். அந்தக் கலப்புதான் தகவல். கடலிலிருந்து கரையை நோக்கி மூன்று பிக்சல்களை எடுத்துக்கொள்வோம். அவற்றின் நடுப்புள்ளிகள் 0, 30, 60 மீட்டரில். நீர்க் குறியீட்டு எண்கள் முறையே 0.6, 0.3, −0.2. அந்தப் படத்துக்கான எல்லை எண் 0.2 என்று வைத்துக்கொள்வோம். அந்த எண் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே விழுகிறது. 0.3-லிருந்து −0.2 வரை மொத்த இறக்கம் 0.5, நமக்கு வேண்டியது 0.1 மட்டும் இறங்கிய இடம், அதாவது ஐந்தில் ஒரு பங்கு தூரம். 30 மீட்டரில் ஐந்தில் ஒன்று 6. ஆகவே கோடு 36-வது மீட்டரில்.

மலை வரைபடத்தில் சம உயரக் கோடு வரைகிற அதே உத்திதான் இது. தரையில் நேரடியாக அளந்த கரைகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், கோஸ்ட்சாட் முறையின் பிழை ஏறத்தாழ 7 முதல் 13 மீட்டருக்குள் நின்றது. பிக்சலின் அகலத்தில் பாதிக்கும் குறைவு. நல்ல சாதனைதான். அதே நேரத்தில் 10 மீட்டர் பிழை என்பது ஒரு வீட்டின் அகலம் என்பதையும் மறக்கக் கூடாது.

ஓதம்: எல்லாக் குழப்பத்துக்கும் தாய்

கடல் ஏறி வற்றுவதுதான் ஓதம். நீர்மட்டம் மேலும் கீழும் போகிறது. படத்தில் அது பக்கவாட்டு நகர்வாகத் தெரிகிறது. எவ்வளவு நகரும் என்பதைக் கரையின் சரிவு தீர்மானிக்கிறது.

பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் செங்குத்தான கரையில், கடல்மட்டம் ஒரு மீட்டர் ஏறினால் நீர்க்கோடு 10 மீட்டர் உள்ளே வரும். 50 மீட்டருக்கு ஒரு மீட்டர்தான் உயரும் தட்டையான கரையில், அதே ஒரு மீட்டர் ஏற்றம் நீர்க்கோட்டை 50 மீட்டர் உள்ளே கொண்டுவந்துவிடும். சேற்றுப் பரப்பில் கேட்கவே வேண்டாம், கிலோமீட்டர் கணக்கிலும் போகும்.

திருத்துவதற்கான கணக்கு எளிது: படம் எடுத்த நேரத்துக் கடல்மட்டத்தைச் சரிவால் வகுத்தால் கோட்டை எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று வரும். சிரமம், சரிவைத் தெரிந்துகொள்வதில் இருக்கிறது. உலகின் பெரும்பாலான கரைகளில் யாரும் அதை அளந்து வைக்கவில்லை. வைத்திருந்தாலும் அது புயலுக்குப் பின் ஒன்றாகவும் அமைதியான பருவத்தில் வேறாகவும் இருக்கும். சரிவு ஐம்பதுக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டு, நிஜத்தில் அது முப்பதுக்கு ஒன்றாக இருந்தால், ஒரு மீட்டர் ஓதத்துக்கு 20 மீட்டர் பிழை கணக்கில் நுழைந்துவிடும். இது தவிர, அலைகள் கரையில் மோதி நீரைச் சற்று மேலே குவித்து வைக்கும். ஓத அட்டவணையில் அது இருக்காது.

பலர் கவனிக்காத ஒரு விசித்திரமும் உண்டு. லேண்ட்சாட்டும் சென்டினல்-2-உம் சூரியனோடு ஒத்திசைந்து சுற்றுபவை. எந்த ஊருக்கும் அவை முற்பகல் பத்து, பத்தரை வாக்கில்தான் வரும். பெரிய ஓதங்களோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வருபவை. ஓர் இடத்தில் அந்த நாள்களின் உயர் ஓதம் ஏறக்குறைய ஒரே மணி நேரத்தில்தான் வரும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஓர் இடத்தில் பௌர்ணமி உயர் ஓதம் பத்து மணி வாக்கில் வந்தால், செயற்கைக்கோள் அங்கே அந்தப் பெரிய ஏற்றத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும், பெரிய வற்றத்தை ஒரு நாளும் பார்க்காது. ஆயிரம் படம் சேர்ந்தாலும் அந்தக் கடலின் முழு வீச்சும் அதில் இருக்காது. படங்களின் எண்ணிக்கை எல்லாப் பிழையையும் கரைத்துவிடும் என்ற நம்பிக்கை உடையும் இடம் இது.

கோடுகளிலிருந்து வேகம்

இப்போது கையில் பல ஆண்டுகளின் கரைக்கோடுகள். கடலுக்கோ நிலத்துக்கோ சற்றுத் தள்ளி, கரைக்கு இணையாக ஓர் அடிக்கோடு போடுவார்கள். அதிலிருந்து குறிப்பிட்ட இடைவெளியில், கரையைச் செங்குத்தாக வெட்டும்படி குறுக்குக்கோடுகள். ஒவ்வொரு குறுக்குக்கோட்டிலும் கரை எந்தெந்த ஆண்டில் எத்தனையாவது மீட்டரில் நின்றது என்று குறித்துக்கொள்வார்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் இலவச மென்பொருள் ஒன்று இதற்கென்றே உள்ளது.

வேகம் கணக்கிட இரண்டு வழிகள் அதிகம் புழங்குகின்றன. முதலும் கடைசியுமான இரண்டு கோடுகளின் தூரத்தை ஆண்டுகளால் வகுப்பது ஒன்று. எல்லாப் புள்ளிகளுக்கும் நடுவே பொருந்தும் நேர்கோட்டின் சாய்வை எடுப்பது மற்றொன்று. ஒரு குறுக்குக்கோட்டில் இந்த அளவுகள் கிடைத்ததாகக் கற்பனை செய்வோம்:

1. 2000: 100 மீட்டர்
2. 2005: 96 மீட்டர்
3. 2010: 103 மீட்டர்
4. 2015: 98 மீட்டர்
5. 2020: 70 மீட்டர்

முதல் முறையில், 20 ஆண்டில் 30 மீட்டர் இழப்பு, ஆண்டுக்கு 1.5 மீட்டர் அரிப்பு. இரண்டாவது முறையில் ஆண்டுக்குச் சுமார் 1.16 மீட்டர். 2020-ஐ எடுத்துவிட்டு முதல் நான்கை மட்டும் வைத்துப் போட்டால்? கிட்டத்தட்ட பூஜ்யம். அதாவது மொத்த "அரிப்பும்" ஒரே படத்திலிருந்து வருகிறது. அந்தப் படம் ஒரு புயலுக்கு அடுத்த வாரம் எடுத்ததாக இருந்து, இரண்டு ஆண்டில் மணல் திரும்பிவிட்டால், இந்தக் கரையில் ஒன்றுமே நடக்கவில்லை என்று அர்த்தம்.

புள்ளியியல் தெரிந்தவர்கள் நேர்கோட்டு முறையை உயர்வாகச் சொல்வார்கள். ஐந்து புள்ளிகளில் அதுவும் ஏமாறுகிறது என்பதை மேலே பார்த்தோம். அதே இருபது ஆண்டுக்கு 300 படம் இருந்தால் புயல் வாரத்துப் படம் முந்நூற்றில் ஒன்றாகிவிடும். அதன் குரல் எடுபடாது.

பிழையையும் இங்கேயே கணக்கில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கோட்டிலும் 10 மீட்டர் பிழை என்றால், இரண்டின் வித்தியாசத்தில் பிழை இருபது ஆகாது, சுமார் 14 மீட்டர் ஆகும். 30 ஆண்டு இடைவெளிக்கு அதை வகுத்தால் ஆண்டுக்கு அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த அளவு அரிப்பையோ வளர்ச்சியையோ இரண்டு படங்களிலிருந்து நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஐந்து ஆண்டு இடைவெளிக்கு அதே பிழை ஆண்டுக்கு 2.8 மீட்டர். "கடந்த ஐந்தாண்டில் ஆண்டுக்கு இரண்டு மீட்டர் அரிப்பு" என்று இரண்டு லேண்ட்சாட் படங்களை வைத்து யாராவது சொன்னால், அவர்கள் அளந்தது கடலையா கருவியையா என்று கேட்கலாம்.

கரை ஏன் நகர்கிறது?

வேகம் தெரிந்துவிட்டால் காரணம் தெரிந்துவிட்டதாக அர்த்தமில்லை. கரை என்பது வரவுசெலவு. ஆறு மணல் கொண்டுவருகிறது, அலை அதைக் கரையோரமாக இழுத்துக்கொண்டு போகிறது, புயல் கொஞ்சத்தை ஆழத்துக்கு எடுத்துச் செல்கிறது, அமைதியான அலை அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கிறது. வரவு குறைந்தாலோ செலவு கூடினாலோ கோடு உள்ளே வரும்.

சிட்னியின் நாராபீன் கடற்கரையை 1976 முதல் விடாமல் அளந்து வருகிறார்கள். உலகில் இவ்வளவு நீண்ட தொடர் அளவீடு வெகு சில கரைகளுக்கே உண்டு. அங்கே 2016 ஜூன் மாதப் புயலில் சில இடங்களில் கரை 50 மீட்டர் வரை பின்வாங்கியது. கடலோர வீடொன்றின் நீச்சல் குளம் சரிந்து மணலில் கிடந்த காட்சி பலருக்கு நினைவிருக்கும். அதன்பின் மணல் மெல்லத் திரும்பத் தொடங்கியது. இது ஊசல், போக்கு அல்ல. ஊசலின் காலம் சில சமயம் நீளமாகவும் இருக்கும். பசிபிக்கைச் சுற்றியுள்ள 8,300 மணற்கரைகளைச் செயற்கைக்கோள் வழி ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வு, பசிபிக் நீர் சூடாகியும் குளிர்ந்தும் மாறிவரும் எல் நினோ, லா நினா சுழற்சிக்கேற்ப அவை மாறி மாறித் தேய்ந்து வளர்வதைக் காட்டியது. எல் நினோவில் தேயும் ஒரு கரையின் பத்தாண்டுத் தரவு, ஒரு பெரிய எல் நினோவில் முடிந்தால் எல்லாம் அழிவாகத் தெரியும்; அதில் தொடங்கினால் எல்லாம் வளர்ச்சியாகத் தெரியும்.

நைல் கழிமுகம் வேறு கதை. அஸ்வான் உயர் அணையின் நீர்த்தேக்கம் 1964 முதல் நிரம்பத் தொடங்கி, அணை 1970-இல் முடிந்தது. ஆற்று வண்டல் அணைக்குப் பின்னால் தங்கிவிட்டது. கடலுக்குள் மூக்கு போல நீண்டிருந்த ரோசெட்டா முனை அடுத்த இருபதாண்டில் ஆண்டுக்குச் சுமார் 100 மீட்டர் வேகத்தில் கரைந்தது. இந்த அளவு வேகத்தில் பிக்சல், ஓதம், சரிவு என்ற விவாதத்துக்கே வேலையில்லை. பழைய படங்களில்கூடப் பளிச்சென்று தெரியும். இது போக்கு.

நைஜீரியாவின் லாகோஸ் துறைமுகம் மூன்றாவது வகை. அங்கே கரையோர நீரோட்டம் மணலை மேற்கிலிருந்து கிழக்கே இழுத்துச் செல்கிறது. 1908 முதல் 1912 வரை துறைமுக வாயிலில் கல் கொட்டி அலைத்தடுப்புகள் கட்டினார்கள். மேற்கே மணல் சேர்ந்து கரை அகன்றது. கிழக்கே, மணல் வரத்து நின்ற விக்டோரியா தீவின் கரை பல பத்தாண்டுகள் அரித்துக்கொண்டே இருந்தது. துறைமுகச் சுவரோ தூண்டில் வளைவோ கட்டிய எந்தக் கரையிலும் செயற்கைக்கோள் படம் இதே வடிவத்தைக் காட்டும்: ஒரு பக்கம் முக்கோணமாக மணல், மறு பக்கம் கடித்தெடுத்த பிறை. படத்தைப் பார்த்தே காரணத்தை ஓரளவு ஊகிக்க முடிகிற அபூர்வமான வகை இது. கடல்மட்ட உயர்வு இப்படிப் பக்கம் பார்த்து வேலை செய்யாது.

ஒரே தரவு, எதிரெதிர்ச் செய்திகள்

இனி உலகளாவிய எண்களைப் பார்க்கலாம். இவைதான் வாசகரை அதிகம் குழப்புபவை.

1. 2016-இல் வந்த ஒரு டச்சு ஆய்வு, 1985 முதல் 2015 வரை உலகக் கடலோரங்களில் சுமார் 20,100 சதுர கிலோமீட்டர் நிலம் நீரானது, 33,700 சதுர கிலோமீட்டர் நீர் நிலமானது என்றது. நிகர லாபம்.

2. 2018-இல் வந்த ஓர் ஐரோப்பிய ஆய்வு, ஏறக்குறைய அதே முப்பதாண்டில் 28,000 சதுர கிலோமீட்டர் நிலம் அரிக்கப்பட்டது, அது சேர்ந்த நிலத்தைப்போல் இரு மடங்கு என்றது. நிகர நஷ்டம்.

3. அதே 2018-இல் இன்னொரு ஆய்வு மணற்கரைகளை மட்டும் எடுத்தது. 24 சதவீதம் ஆண்டுக்கு அரை மீட்டருக்கு மேல் அரிகிறது, 28 சதவீதம் வளர்கிறது, 48 சதவீதம் நிலையாக உள்ளது என்றது.

மூன்றும் பெருமளவு லேண்ட்சாட் படங்களை நம்பியவை. யாரும் ஏமாற்றவில்லை. எதை நிலம் என்று எண்ணுவது, எந்தக் கரையைக் கணக்கில் சேர்ப்பது, நிரந்தர மாற்றத்தை எப்படி வரையறுப்பது என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. முதல் கணக்கின் லாபத்தில், கடலை மணலால் நிரப்பி மனிதர் உருவாக்கிய நிலத்துக்குப் பெரிய பங்குண்டு. மேலே சொன்ன லாகோஸில், அரிப்புக்குப் பேர்போன அதே விக்டோரியா தீவுக் கரைக்கு முன்னால்தான் இன்று எக்கோ அட்லாண்டிக் என்ற புதிய நகர்ப்பகுதி கடலை நிரப்பி எழுந்து நிற்கிறது. படத்தில் அது "வளர்ந்த கரை". மூன்றாவது ஆய்வின் அரை மீட்டர் எல்லையும் தற்செயல் அல்ல. நாம் முன்பு போட்ட பிழைக் கணக்கு அந்த அளவில்தான் வந்து நின்றது.

வருங்காலக் கணிப்புகளில் சண்டை இன்னும் பலம். 2020-இல் ஓர் ஆய்வு, 2100-க்குள் உலக மணற்கரைகளில் ஏறத்தாழ பாதி அழியக்கூடும் என்றது. சில மாதங்களிலேயே வேறொரு அறிஞர் குழு பதில் எழுதியது. பின்னால் இடமிருந்தால் மணற்கரை அழியாது, கடலோடு சேர்ந்து நிலப்பக்கம் நகர்ந்துகொள்ளும் என்பது அவர்கள் வாதம். பின்னால் சாலையும் கட்டடமும் இருந்தால்தான் அது நசுங்கும். என் பார்வையில் இந்தப் பதிலுக்கு வலு அதிகம். கடந்த காலத்தின் கோட்டைக் கணினியில் நேராக நீட்டுவதற்குச் செயற்கைக்கோள் தரவு போதும். கரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அந்தக் கோடு அறியாது.

படத்துக்குத் தெரியாதவை

மேகம் முதல் தடை. பருவமழைக் காலத்தில், கரை அதிகம் மாறும் அந்த மாதங்களில்தான், படம் கிடைக்காது. ரேடார் செயற்கைக்கோள்கள் மேகத்தையும் இருட்டையும் ஊடுருவும்; 2014 முதல் சென்டினல்-1 இலவசமாகப் படம் தருகிறது. ஆனால் காற்றடித்து அலை எழும்பிய கடலும் ஈர மணலும் ரேடாருக்கு ஒன்றுபோலவே தெரியலாம். ஒரு மீட்டருக்கும் குறைவான துல்லியத்தில் வணிக நிறுவனங்கள் எடுக்கும் படங்கள் இருக்கின்றன. அழகாக இருக்கும், மரத்தைக்கூட எண்ணலாம். ஆனால் ஓதத் திருத்தம் இல்லாவிட்டால் அந்தத் துல்லியத்தால் பயனில்லை; தவறான கோட்டை மிகச் சரியாக வரைந்ததாகத்தான் ஆகும்.

ஓங்கல், அதாவது செங்குத்தான பாறைச் சுவர், உள்ள கரையில் கடல் அடிவாரத்தைக் குடைகிறது. மேலிருந்து பார்க்கும் கருவிக்கு ஓங்கலின் உச்சி விளிம்பு மட்டுமே தெரியும். பல ஆண்டுகள் அசைவே இருக்காது, ஒரு நாள் பத்து மீட்டர் மொத்தமாக விழும். அலையாத்திக் காடுகளில் மரக்கிளைகள் நீர்க்கோட்டையே மறைத்துவிடும். அங்கே அளக்கப்படுவது காட்டின் ஓரம்.

நீருக்கு அடியில் உள்ள மணல்தான் மிகப் பெரிய குறை. கரையின் சேமிப்பில் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கிறது. 2018-இல் ஏவப்பட்ட ஐஸ்சாட்-2 பச்சை லேசர் ஒளியை வீசி, தெளிந்த கடலில் ஓரளவு ஆழம் வரை அடித்தளத்தைத் தொட்டு அளக்கிறது. கலங்கிய கடலில் அதற்கும் வழியில்லை.

ரோசெட்டா முனைக்குத் திரும்பினால் இதன் விளைவு புரியும். 1980-களின் இறுதியில் தொடங்கி அங்கே கான்கிரீட் கட்டைகளைக் கொண்டு பெரிய கடல் தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். ஆண்டுக்கு 100 மீட்டர் ஓடிய கோடு அந்த இடத்தில் சட்டென்று நின்றது; அரிப்பு சுவரின் ஓரங்களுக்கு நகர்ந்தது. அதன்பின் எடுத்த படங்களை மட்டும் வைத்து வரைபடம் போட்டால், சுவர் உள்ள நீளத்துக்குக் கோடு படுத்துவிடும், அட்டவணையில் அதன் எதிரே "நிலையான கரை" என்று விழும். கருவி அங்கே பார்த்துக்கொண்டிருப்பது கான்கிரீட்டின் விளிம்பை. சுவருக்கு முன்னால் மணல் மிச்சம் இருக்கிறதா, கடல் எவ்வளவு ஆழமாகிவிட்டது என்பதைப் படகில் போய் ஈயக்குண்டையோ எதிரொலி மானியையோ இறக்கித்தான் பார்க்க வேண்டும்.